இருபத்தொரு படி

புதுக்கோட்டையில் அரிசி ஆலைகளும் எண்ணெய் ஆலைகளும் நிறைந்த தெருவில் ஐந்து மாடிக் கட்டடம் வரப்போகிறது என்றதும் ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வரைந்தவனே நான்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கட்டட வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பை முடித்த கையோடு, மூடப்பட்ட ஓர் அரிசி ஆலையின் முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அந்த ஆலையை இடித்துவிட்டு எழும்பப்போகும் கட்டடத்துக்கு லிஃப்ட், கண்ணாடி முகப்பு என்று தலைகால் புரியாமல் வரைந்து தள்ளினேன்.

ஒரே தடங்கல், ஆலைக்குள் நெல் காயப்போடும் களம். அங்கே வேலை பார்த்த பெண்கள், பிழைக்க ஒரு வழி சொன்னால்தான் எழுந்திருப்போம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் என் அக்காவும் ஒருத்தி. புருஷனை இழந்து, இரண்டு பெண் பிள்ளைகளோடு அந்தக் களத்தையே நம்பி இருந்தவள்.

"கீழ்த்தளத்துல ஆளுக்கொரு கடை போட்டுரு. நீயே கொண்டுபோய்க் காட்டு" என்றார் முதலாளி.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றே வரைந்து, களத்தில் விரித்துக் காட்டினேன். மாடிப்படிக்குப் பக்கத்துக் கடையில் விரலை வைத்தாள் அக்கா.

"இங்கிட்டு இட்லிக் கடை போடுறேன். எறங்குறவுக கண்ணுல மொதல்ல நம்ம கடைதான் படணும்."

அத்தோடு விட்டாளா? படத்திலிருந்த படிகளை 'லாபம், நஷ்டம்' என்று ஒவ்வொன்றாக எண்ணினாள். இருபதாவது படி நஷ்டத்தில் முடிந்தது.

"என்னத்தடா படிச்ச நீ?"

களமே சிரித்தது. நானும் வெட்கப்பட்டுக்கொண்டே அழித்து, இருபத்தொன்றாக்கினேன். மறுநாள் காலையில் முறத்தையும் கூடையையும் எடுத்துக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, அனுமதி வாங்கி வந்த வரைபடம் முதலாளியின் மேஜையில் கிடந்தது. வேறு யாரோ திருத்தி வரைந்தது. கீழ்த்தளத்தில் ஒரு கடைகூட இல்லை. மொத்தமும் கார் நிறுத்த இடம்.

"அது அவங்கள எந்திரிக்க வைக்கப் போட்டதுப்பா" என்றார், சர்வசாதாரணமாக. "ஒங்கக்கா சொன்ன படியை மட்டும் மாத்தல. லாபத்துலதான் முடியுது."

அந்த ஆள்மீது வந்த ஆத்திரத்தைவிட, பல்லை இளித்துக்கொண்டு அதை விரித்துக் காட்டிய என்மீது வந்ததுதான் அதிகம். வேலையை விட்டுவிட்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, சத்தியமாக எனக்குத் தெரியாது என்றேன்.

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை.

"அவரு வந்து சொல்லியிருந்தா ஒருத்தியும் எந்திரிச்சிருக்க மாட்டா" என்றாள். "நீ சொன்னேன்னுதான்டா எந்திரிச்சோம்."