ஆசிட் தொட்டியில் இறங்கிய கவசம்

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் பிளேட்டிங் ஷாப்பில் எங்களுக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம்தான். துருப்பிடித்தது எதுவானாலும் ஆசிட் தொட்டியில் போடு, பளபளவென்று எடு. அதில் கெட்டிக்காரன் என்ற தலைக்கனத்தோடுதான் ஹைதராபாத் மியூசியம் ஒன்றுக்கு டெபுடேஷனில் போனேன்.

முதல் நாளே நான்கு இரும்புத் தகடுகளைக் காட்டினார் ஆபீசர். தஞ்சாவூர்க்காரர். மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, விலாவுக்கு இரண்டு. யாரோ ஒரு முஸ்லிம் தளபதியின் போர்க்கவசம். நான்கும் கருந்துரு.

"வெள்ளிக்கிழமை மந்திரி வர்றார்யா. முகம் பார்க்கிற மாதிரி இருக்கணும்."

"மார்புத் தகட்டை சாயங்காலமே குடுத்துடறேன் சார்" என்றேன். வாய்க்கொழுப்பு.

தொட்டியில் இறக்கினேன். நுரையோடு மஞ்சளாக ஏதோ மிதந்து வந்தது. முடி கனத்தில் தங்க இழை. உள்ளே வந்த அட்டெண்டர் காதர் பாய் எட்டிப் பார்த்து அலறினார். சிக்கந்தராபாத்தில் தமிழர்களோடு வளர்ந்தவர்.

"நக்கோ மிஸ்திரி, நக்கோ! வேணாம்! வெளிய எடுங்க! அதுல துவா எழுதியிருக்கு!"

இடுக்கி தேட நேரமில்லை. வெறுங்கையால் எடுத்து, ஆசிட்டை முறிக்கும் வாஷிங் சோடாத் தண்ணீரில் முக்கினேன். கை எரிந்தது.

துருவுக்கடியில் தங்கம் பதித்த அரபு வரிகள். அணிந்தவனைக் காக்கும்படி இறைவனிடம் வேண்டுவது, நான்கு தகடுகளிலும் தொடர்ந்து ஓடும் என்றார் பாய். ஆசிட் தங்கத்தைத் தொடாது. ஆனால் தங்கம் பிடித்திருந்த இரும்பைத் தின்றுவிட்டது. ஒரு வரியில் பாதி போயிருந்தது. அதற்கு ஒரு விரல் தள்ளி ஒரு வெட்டுத் தழும்பு.

"வாளே இதைத் தொடல, மிஸ்திரி" என்றார் பாய்.

ஆபீசர் வந்து பார்த்தார். "கோல்ட் பெயிண்ட்டால எழுதி ரொப்பிடு. ரிஜிஸ்டர்ல மூச்சு விடாதே. விஷயம் மேல போச்சுன்னா ரிமார்க் விழும். உன் பிரமோஷனை மறந்துட வேண்டியதுதான்."

பிரமோஷன் லிஸ்டில் என் பெயர் இரண்டாவதாக இருந்தது. பிரஷ்ஷை எடுத்தேன்.

"பாய், இந்த இடத்துல என்ன எழுதியிருக்கும்?"

"தெரியும். எதுக்கு சொல்லணும்? பெயிண்ட்டுல எழுதவா?"

அவமானமாக இருந்தது. பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். ரிஜிஸ்டரில், 'எழுத்து உண்டா என்று பார்க்காமல் ஆசிட்டில் போட்டேன். பாதி வரி என்னால் போயிற்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரிமார்க் விழுந்தது. பிரமோஷனும் போனது. வீட்டில் நான்கு நாள் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மந்திரி அந்தக் கவசத்தைப் பார்க்காமலே போனார். மற்ற மூன்று தகடுகளையும் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சால் மூன்று மாதம் துடைத்தேன். பாய் பக்கத்திலிருந்து எழுத்தெழுத்தாகப் படித்தார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். எதையும் முழுதாகத் தொடுமுன் ஓரத்தில் துளி இடத்தைச் சோதித்துப் பாருங்கள்.

கேலரியில் அந்த வெற்றிடத்தைப் பார்ப்பவர்கள், "சண்டையில போயிருக்கும்" என்பார்கள். நான் அருகில் இருந்தால் சொல்லிவிடுவேன்.

"இல்லீங்க. அது நான்."