கழுத்துத் தொங்கிய கோழிகள்

முதலாவது கோழி விழுந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. யப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போன வருடம் அது. ஊரைவிட்டு ஓடி, பயம் கொஞ்சம் தெளிந்து, ஓர்ஸ் ஹில் மலையடிவாரத்து வீட்டுக்கு நாங்கள் திரும்பி வந்து சில மாதங்கள்தான். மனிதர் செத்த ஊரில் கோழிக்காக முகம் வாட யாருக்கும் நேரமில்லை. மூன்றாவது கோழியும் விழுந்த பிறகுதான் அம்மா அடுப்பை விட்டு எழும்பி வந்தார்.

காரணம் அக்கா. சாம்பல்தீவில் கல்யாணம் செய்து கொடுத்திருந்த அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். வரும்போது வயிற்றில் பிள்ளையோடு உடம்பில் மலேரியாவையும் கொண்டுவந்தாள். காய்ச்சல் விட்ட பிறகு பார்த்தால், வயிற்றைத் தவிர மிச்சமெல்லாம் எலும்பு. ஆசுபத்திரி டொக்டர் அவளுடைய கண்மடலை இழுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் இரத்தமே இல்லை, இப்படியே போனால் தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் காப்பாற்ற ஏலாது என்றார். இறைச்சி, மீன், பால், முட்டை, கிடைப்பதைக் கொடுக்கச் சொன்னார். பால் முழுக்கக் கடற்படைக்குப் போய்க்கொண்டிருந்தது. வள்ளங்கள் கடலுக்குப் போக ஆயிரம் கட்டுப்பாடு. சந்தைக்கு மீன் வந்தால் இரண்டு நாளைக்கு அதுதான் கதை. ஆட்டிறைச்சியின் விலையைக் கேட்ட அன்று அப்பா தான் இனிமேல் சைவம் என்று அறிவித்தார். மிஞ்சியது எங்கள் வளவுக் கோழிகள் இடும் முட்டை மட்டும்தான்.

கோழிக்கழிச்சல் எங்களுக்குப் புதிதல்ல. அது வந்தால் கோழி வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், கொட்டாவி விடும், கூட்டமாகச் சாகும். இது வேறு. காலையில் நன்றாக மேய்ந்த கோழி அடுத்த நாள் கால்களை இழுத்து இழுத்து நடக்கும். பிறகு சிறகு தொங்கும். கடைசியில் கழுத்து மெல்ல மெல்ல இறங்கி அலகு மண்ணில் முட்டும். கண் மட்டும் விழித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ நாங்கள் செய்துவிட்டோம் என்பதுபோல இருந்தது.

அப்பா துறைமுகத்தில் கிளாக்கர். துறைமுகத்தில் வேலை செய்பவருக்கு யுத்தம் பற்றித் தெரியாதது இல்லை.

"மலையில பீரங்கி வெடிக்கிற சத்தம். நரம்பு விட்டுப் போச்சு," என்றார்.

அப்படியென்றால் முதலில் கழுத்துத் தொங்கியிருக்க வேண்டியவர் அப்பாதான். சைரன் ஊதினால் எங்கள் வளவிலிருந்த பதுங்குகுழிக்குக் கோழிகளையும் முந்திக்கொண்டு போகிறவர் அவர்.

பக்கத்து வீட்டு மாமி அதை ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த வெள்ளைக்காரனுக்கு முட்டை குடுத்தனீங்களெல்லோ? அவன்ர கண் பட்டிட்டுது," என்றார். உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துக் கோழிகளைச் சுற்றி நாவூறு கழித்து நெருப்பில் போட்டார். கோழிகள் தும்மின. அது சுகம் வருவதற்கு அடையாளம் என்றார் மாமி. பிறகு மிளகும் மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்து உருட்டி ஒரு கோழியின் தொண்டைக்குள் விரலால் தள்ளினார். விழுங்கத் தெரியாமல் கிடந்த கோழி மருந்து அடைத்துச் செத்தது. அதையும் நோயின் தலையிலேயே போட்டோம்.

மாமி சொன்ன வெள்ளைக்காரர் மலையில் பீரங்கிக் காவலில் இருந்த இளம் கடற்படைக்காரர். ஊருக்குத் திரும்பிய புதிதில் எங்கள் படலையில் வந்து நின்று முட்டை கேட்டார். அம்மா இரண்டு முட்டை கொடுத்தார். அடுத்த கிழமை அவர் அதற்குப் பதிலாக ஒரு டின் கொண்டு வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்த நான்தான் அதை வாசித்துச் சொன்னேன்: மாட்டிறைச்சி. அம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, எனக்குத் தெரியாமல் எங்கோ கற்றிருந்த "தாங்க் யூ"வைச் சொன்னார். அக்கா வந்த பிறகு அவருக்கு முட்டை கொடுப்பது நின்றது. அவர் டின் கொண்டு வருவது நிற்கவில்லை. யன்னலடியில் இருக்கும் அக்காவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போவார். டின்களை என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்டால், "தின்னிற ஆக்களுக்குப் போகுது," என்பார் அம்மா.

அக்காவின் முட்டை ஒருநாள் விட்டு ஒருநாளாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. அவள் கிணற்றடியில் மயங்கி விழுந்த அன்று எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. யார் மேல் என்று தெரியாத கோபம். கோழிக்கூட்டின் முன்னால் போய்க் குந்திக்கொண்டு யோசித்தேன்.

அடைகாத்துக்கொண்டு கரப்புக் கூடையின் கீழே இருந்த வெள்ளைக் கோழிக்கு ஒன்றுமில்லை. அதே பீரங்கிச் சத்தம் அதற்கும் கேட்டது. வெள்ளைக்காரர் அதையும்தான் பார்த்தார். அது செய்யாதது ஒன்றுதான், வளவில் மேயவில்லை. மிச்சக் கோழிகளையும் கூட்டுக்குள் அடைத்து, அரிசிக் குறுநலும் தண்ணீரும் உள்ளேயே வைத்தேன். அதன் பிறகு புதிதாக ஒன்றும் விழவில்லை. சில நாள் கழித்து, கூட்டுக்குள் எல்லாவற்றையும் கொத்திச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த சிவப்புப் பேட்டுக் கோழியை மட்டும் திறந்துவிட்டு அதன் பின்னால் நடந்தேன்.

அது அங்கே இங்கே பார்க்கவில்லை. நேரே பதுங்குகுழிக்குள் இறங்கியது.

"அங்க போகாத பிள்ளை!" என்று அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார். அதற்குள் சிவப்புப் பேடு மூலையிலிருந்த மண்ணைக் காலால் கிளறிவிட்டது. மண் அசைந்தது. அசைந்ததெல்லாம் புழு. அழுகிய இறைச்சியின் நாற்றம் எழுந்து வந்தது. எங்கள் கோழிகள் கொத்தித் தின்ற விஷம் இதுதான். போன தடவை சைரன் ஊதியபோது இதே குழிக்குள் அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு, யப்பான்காரன் விஷவாயு விட்டுவிட்டான் என்று எங்கள் எல்லோரையும் நிலத்தில் குப்புறப் படுக்க வைத்தவர்.

"நீங்களோ இதை மண்ணுக்குள்ள தாட்டது?" என்று கேட்டேன்.

"நான்தான் தாட்டனான். மாட்டிறைச்சியைக் குசினிக்குள்ள வைக்க ஏலுமே?"

"வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாமே?"

"அன்பாக் கொண்டு வாற பிள்ளையின்ர முகத்துக்கு நேர எப்பிடி வேண்டாமெண்டு சொல்லுறது?"

"அப்ப டின்னை உடைக்காமல் தாட்டிருக்கலாமே!"

"நல்ல பேணியள், பிள்ளை. பேணி என்ன பாவம் செய்தது?"

யுத்தத்தில் ஒரு தகரப் பேணிக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்பது எனக்கும் தெரியும். இறைச்சியைக் கொட்டிவிட்டு, மஞ்சள் தண்ணீரில் கழுவி, வேலியோரம் அவர் கவிழ்த்து வைத்திருந்த பேணிகளை அப்போதுதான் பார்த்தேன். அம்மா புழுவைப் பார்த்தார், அக்கா படுத்திருந்த அறையைப் பார்த்தார். "என்ர பிள்ளையின்ர முட்டையை நானே தாட்டுப்போட்டன்," என்றார். அதற்கு மேல் சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

குழியில் காய்ந்த காவோலை போட்டு எரித்தோம். புகை எழும்பியதும் வான்தாக்குதல் காவலுக்கு நின்ற ஏ.ஆர்.பி.க்காரர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்து, எதிரிக்குச் சைகை காட்டுகிறீர்களா என்று கேட்டார். அப்பா அவரைக் குழிக்குக் கிட்டக் கூட்டிப்போய்க் காட்டினார். அவர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. சாம்பலுக்கு மேல் சுண்ணாம்பு கொட்டி ஆழமாக மூடினோம். விழுந்து கிடந்த கோழிகளுக்கு அம்மா துளித்துளியாக ஆமணக்கெண்ணெய் பருக்கினார். தலையைக் கையில் ஏந்தி, அலகின் ஓரத்தால் தண்ணீர் விட்டார். கிழிந்த சீலையைச் சும்மாடுபோலச் சுற்றிக் கழுத்துக்கு அண்டை கொடுத்தார். இரண்டு கோழி தலை தூக்கின. மற்றவை போய்விட்டன. தப்பியவற்றுக்கு முட்டையிடும் எண்ணமே இருக்கவில்லை. அக்கா எழும்பி நடப்பதையும் விட்டுவிட்டாள். எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நிலையில்தான் வெள்ளைக்காரர் மறுபடியும் படலைக்கு வந்து டின்னை நீட்டினார். அம்மாவின் கை நீளவில்லை.

"சொல்லு அவருக்கு, நாங்கள் மாடு தின்னிறேல்லை எண்டு."

சொன்னேன். அவருடைய காது வரை சிவந்தது. எப்போதிருந்து என்று கேட்டார். பரம்பரையாக என்றேன். அப்படியானால் இதுவரை தந்ததெல்லாம் எங்கே என்றார். கோழிகள் தின்றன, செத்துப்போயின என்றேன். அவர் கையிலிருந்த டின்னைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, இது தன்னுடைய பங்குச் சாப்பாடு, யன்னலில் இருக்கும் அந்தப் பெண் மிகவும் மெலிந்திருந்ததால் எடுத்து வைத்துக் கொண்டு வந்தது என்றார். அதை அம்மாவுக்குச் சொல்லாமல் விடலாமா என்று பார்த்தேன். ஆனாலும் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

கடைசியில், "மீன் டின் இருக்கோ எண்டு கேள்," என்றார்.

இருந்தது. அடுத்த நாளே கொண்டு வந்தார். அதன் பிறகும் கொண்டு வந்தார். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு டின் மீன் தின்கிறோமே என்று அப்பா குறைப்பட்டார். ஐப்பசியில் பெண்பிள்ளை பிறந்தது, தாயும் பிள்ளையும் தப்பினார்கள். ஆனால் என் மனதில் நிற்பது அந்த முதல் மீன் டின் வந்த மத்தியானம். அம்மா அதை வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிரட்டிச் சோற்றோடு வைத்தார். அக்கா தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு இருக்கோ என்று கேட்டாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் வாய்திறந்து கேட்ட முதல் சோறு அது. அம்மா பானையோடு கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, குசினிக்குள் போய் நிலத்தில் குந்தியிருந்து, எங்கள் எல்லோருக்கும் கேட்க அழுதார்.