சாமைப் பாக்கெட்டில் இருக்கும் பெண்

திருப்பத்தூரில் நான் வேலை பார்க்கும் டிபார்ட்மென்ட் ஸ்டோரில், காலையில் வந்ததும் ரேக்கில் இருக்கும் பாக்கெட்டுகளை எல்லாம் முன்பக்கம் தெரியும்படி திருப்பி வைக்க வேண்டும். ஜனங்கள் நின்று படித்துப் பார்த்து வாங்குவதில்லை. நடந்துகொண்டே கண்ணை ஓட்டுவார்கள். நிறமும் படமும் பிடித்துப்போனால் கை தானாக நீளும். சிவப்பு என்றால் காரம், பச்சை என்றால் உடம்புக்கு நல்லது, பழுப்புக் காகிதம் மாதிரி இருந்தால் மருந்து அடிக்காதது. உள்ளே என்ன இருக்கிறது என்பது கடவுளுக்கும் கம்பெனிக்கும்தான் தெரியும்.

சிறுதானிய ரேக்குக்கு வந்தால் மட்டும் என் கை தயங்கும். சாமைப் பாக்கெட்டில் சிரிப்பவள் என் தங்கை.

மலைமேல் நெல்லிவாசல் நாட்டில் இருக்கும் எங்கள் ஊருக்குச் சாமை வாங்க வரும் கம்பெனிக்காரர்கள் ஒருமுறை கேமராவோடு வந்தார்கள். அப்போது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. கையில் முறத்தைக் கொடுத்து, களத்தில் நிற்க வைத்து எடுத்தார்கள். பாக்கெட் அச்சாகி வந்தபோது பார்த்தால் கன்னத்தில் ரோஜா நிறம் ஏற்றியிருந்தார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு கன்னம் கிடையாது. கன்னத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பச்சை வட்டம், அதில் 'இரும்புச்சத்து நிறைந்தது' என்று எழுத்து. அவள் வெட்கப்பட்டுக்கொண்டே ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாள்.

விளைந்த சாமையை விற்றுவிட்டு நாங்கள் ரேஷன் அரிசியைத்தான் தின்றோம். அவள் கர்ப்பமானதும் நர்ஸம்மா வரும்போதெல்லாம் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, உடம்பில் ரத்தமே இல்லை என்று திட்டிக்கொண்டே மாத்திரை கொடுப்பார். குமட்டுகிறது என்று சொல்லி அவள் அதைக் கூரையில் செருகி வைத்துவிடுவாள். வலி எடுத்த அன்று, ஜீப் மலையிறங்கும்போதே துணியெல்லாம் ரத்தத்தில் நனைந்துவிட்டது. பெண் குழந்தை பிழைத்தது. அவள் பிழைக்கவில்லை. குழந்தையை அம்மா வளர்க்கிறாள்.

பாக்கெட் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

போன வருஷம் பலாப்பழ சீசனில் அம்மா என்னைப் பார்க்க வந்தாள். எங்கள் கடை வாசலில் தள்ளுவண்டியில் சாமைக் கஞ்சி விற்பவர், காலி பாக்கெட்டுகளை ரோட்டோரம் எறிந்திருந்தார். 'இங்கே கிழிக்கவும்' என்று போட்ட கோடு சரியாகத் தங்கை நெற்றியின் குறுக்கே போகும். அதனால் கிடந்ததெல்லாம் நெற்றி கிழிந்த முகங்கள். அம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையால் சேற்றைத் துடைத்தாள்.

"இன்னாடி இது? வூட்ல அவ போட்டோவுக்கு மாலை போட்டு மாட்டி வெச்சிக்கீறோம். இங்க போறவன் வர்றவன்லாம் மிதிச்சினு போறான். நீ இங்கதான கீற? எடுக்கச் சொல்ல உனுக்கு வாயில்லையா?"

வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. மறுநாளே கம்பெனி ஆபீஸுக்குப் போய்க் கத்தினேன். மேனேஜர் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பொறுமையாகத்தான் பேசினார்.

"கஸ்டமர் கம்பெனி பேரப் பார்த்து வாங்கறதில்லம்மா. அந்தப் பொண்ணு சிரிப்பப் பார்த்துதான் எடுக்கறாங்க. அது போச்சுன்னா நம்ம சாமைய யாருக்கும் அடையாளம் தெரியாது. உங்க மலை ஜனங்களுக்குத்தான் நஷ்டம்." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "நீங்களும் அதே ஜாடையாத்தான் இருக்கீங்க. வேணும்னா உங்க போட்டோவ மாத்திப் போட்டுடலாம்."

எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். ஆனால் அம்மா சேறு துடைத்தது கண்ணிலேயே நின்றது. உயிரோடு இருப்பவளைத்தானே, மிதித்துவிட்டுப் போகட்டும் என்று ஒத்துக்கொண்டேன். எனக்கும் ஒரு முறத்தைக் கொடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் சந்தோஷமாகச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன். தங்கச்சி படத்தை எடுத்துவிட்டார்கள் என்று போனில் சொன்னதும் அம்மா, "இப்பதான்டி எனுக்குச் சோறு எறங்குது" என்றாள்.

புதுப் பாக்கெட் வந்தது. இந்த முறை கன்னத்துக்கு நிறம் ஏற்ற யாரும் மெனக்கெடவில்லை. மாதாமாதம் சாமை வாங்கும் ஒரு பெண்மணி, அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

"இது டூப்ளிகேட்டாம்மா? பழைய பாக்கெட்ல ஒரு பொண்ணு இருக்குமே, கன்னமெல்லாம் பளபளன்னு, எவ்ளோ ஆரோக்கியமா இருக்கும்! இதப் பாரு, சோகை புடிச்சவ மாதிரி."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். படத்தில் இருப்பவளும் நான்தான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. குடோனில் பழசு இருந்தால் கொடு என்று கேட்டார். போய்த் தேடி எடுத்து வந்து கொடுத்தேன்.

அவர் ஒருவர் மட்டும் அல்ல, பலரும் அப்படித்தான் கேட்டார்கள். விற்பனை படுத்துவிட்டது. கம்பெனி என் படம் போட்ட சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பழைய பாக்கெட்டையே மறுபடியும் அனுப்பியது. மேனேஜர் போன் செய்து மன்னிப்பு கேட்டார். அவர்மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லை. மறுநாள் காலையில் தங்கையை வரிசையாக முன்பக்கம் திருப்பி அடுக்கினேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

நேற்று அம்மாவே போன் செய்தாள்.

"இந்த வாரம் சந்தைக்கு ஜீப்பு வருது. பாப்பாவ கூட்டினு வர்றேன். பெரிம்மா கடைய பாக்கணும்னு ஒரே அழுகை."

"வேணாம்மா, வெயில் கொளுத்துது. நானே வர்றேன்."

"இப்டித்தான் சொல்ற, வரமாட்டேன்ற." பிறகு அம்மா கேட்டாள். "இன்னாடி, நாங்க அங்க வந்து நின்னா உனுக்குக் கேவலமா கீதா?"

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன்.