மொக்கைச்சாமியின் ஈரத்துணி

பெயிண்டர் மொக்கைச்சாமியை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. பெயிண்ட் வேலைக்கு வருகிற ஆள் பிரஷ்ஷும் தகடும் கொண்டுவருவார். இவர் இரண்டு வாளி, ஒரு கட்டுப் பழைய துணி, செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டில், சுருட்டிய பிளாஸ்டிக் தாள் என்று ஒரு மூட்டையைத் திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். "ஏம்ப்பா, நீ பெயிண்ட் அடிக்க வந்தியா, வீடு கழுவ வந்தியா?" என்று கேட்டேன். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். நாக்கு அப்படியே பழகிவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. வாசலில் நின்றபடி கூடத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. என் மாமனாருடைய அப்பா கட்டியது. கதவு, ஜன்னல் எல்லாம் பச்சை. மூன்று நான்கு பொங்கலுக்கு ஒரு தடவை பழைய பச்சைக்கு மேலேயே புதுப் பச்சையைப் பூசிப் பூசி, ஜன்னல் கம்பியெல்லாம் விரல் பருமனுக்கு வந்துவிட்டது. போன பங்குனியில் என் மகள் மதுவந்திக்கு வளைகாப்பு முடிந்தது. தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வருகிறாள். பிள்ளை பிறக்கிற வீடு இப்படியா இருப்பது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடித்துவிட வேண்டும். என் வீட்டுக்காரர் பசுபதி எப்போதும்போல, "உன் இஷ்டம்" என்று பேப்பருக்குள் போய்விட்டார்.

முதலில் வந்தவர் விருமாண்டி. மதுவந்தி வருவதற்குள் முடிப்பதாகச் சொன்னவர், அவள் வந்த பிறகுதான் ஆரம்பித்தார். ஆனால் ஆரம்பித்தால் புயல். தகடால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டே நாளில் கூடத்து ஜன்னல்கள் நான்கையும் மரம் தெரியும்படி ஆக்கிவிட்டார். வீடெல்லாம் பச்சைத் தூசி. நான் வேளைக்கு ஒரு தடவை பெருக்கினேன். பெருக்கப் பெருக்கப் பறந்து மறுபடி வந்து உட்கார்ந்தது. மூன்றாம் நாள் அவர் வண்டியிலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டார். தனக்குப் பதிலாக அவர் அனுப்பிய ஆள்தான் மொக்கைச்சாமி.

அவர் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னல் திண்டில் மதுவந்தி செருப்பில்லாத காலை மடக்கி உட்கார்ந்து, தெருவை வேடிக்கை பார்த்தபடி மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி, கீற்றுப் போட்டு, அந்தத் திண்டிலேயே தட்டை வைத்தது நான்.

"பாப்பாவுக்கு எத்தன மாசம்மா?"

"ஏழு முடிஞ்சிருச்சு. எதுக்கு?"

"அந்தத் தட்ட வாங்கிருங்க டீச்சரம்மா. பாப்பாவக் கையச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்க. இங்கன உக்கார வேணாம்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. பிள்ளைத்தாய்ச்சி ஆசையாகத் தின்கிறதைப் பிடுங்கச் சொல்ல இவர் யார்? கேட்டே விட்டேன். அவர் கோபப்படாமல், பழைய பெயிண்டில் ஈயம் கிடக்கும், அந்தத் தூசி வயிற்றுக்குள் போனால் தாய்க்கும் ஆகாது, வயிற்றுப் பிள்ளைக்கு அதைவிட ஆகாது என்றார். "ஈயமா? எங்க வீட்டில் ஈயச்சொம்பில்தான் காலங்காலமாக ரசம் வைக்கிறோம்" என்றேன்.

"அது வேற ஈயம்மா. இது காரீயம். விஷம்." மூட்டையைக் கீழே இறக்கி வைத்தார். அப்புறம் சொன்னார். "எம் மக அன்னக்கொடிக்குப் பத்து வயசாகுது. பொறந்தப்ப மூணு கிலோ. அம்புட்டு லட்சணமா இருந்துச்சு."

அவர் இருபது வருஷமாகப் பழைய வீடுகளாகப் பார்த்துச் சுரண்டிக்கொண்டிருந்தவர். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் மகள் ஓடிவரும். அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். அது அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் வாயை வைத்துக்கொண்டே வீடு வரும். பேச்சு தாமதமாக வந்தது. அடிக்கடி வயிற்றுவலி, சோறு இறங்காது. ஐந்து வயதில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ரத்தத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் பழைய பெயிண்ட் உண்டா என்று டாக்டர் கேட்டாராம். "எங்க வீடு ஓலை வீடும்மா. செவத்துக்குச் சாணிதேன். பெயிண்டே கெடையாது. டாக்டரு என் கையப் பாத்தாரு. நீங்க என்ன வேலை செய்யுறீங்கன்னு கேட்டாரு."

"இப்ப எப்படி இருக்கா?"

"நல்லாத்தேன் ஓடியாடுது. சொல்றது எதுவும் மனசுல நிக்காது. ஒண்ணுலருந்து இருவது வரைக்கும் காலைல சொல்லும். சாயங்காலம் கேட்டா பன்னெண்டுலயே நின்னுரும்."

பன்னிரண்டில் நின்றுவிடுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது என் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பார்கள். ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டியிருக்கிறேன். மண்டு என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் அந்த நிமிஷம், என் மகளின் வயிற்றைப் பார்த்தபடி நின்ற எனக்கு ஞாபகத்துக்கு வந்தது.

மதுவந்தியை அப்போதே தலைக்குக் குளிக்கவைத்து, துணி மாற்றி, வண்டியூரில் இருக்கிற என் தங்கை சாருலதா வீட்டுக்கு ஆட்டோவில் ஏற்றினேன். பசுபதி பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "அழைச்சிட்டு வந்த பொண்ண ராகுகாலத்துல வெளிய அனுப்புறியே" என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், ஈயம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க மதுவந்திக்கு ரத்தம் எடுத்தார்கள். வெளியூருக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டுமாம், ஆறு நாள் ஆகும் என்றார்கள். அந்த ஆறு நாளும் நான் மனுஷியாக இல்லை. காலையில் வண்டியூர் போவேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அசைஞ்சுச்சா?" என்று கேட்பேன். அவள் சாப்பிட்டாளா என்றுகூடக் கேட்கத் தோன்றாது. நான்காம் நாள் அவள் அழுதுவிட்டாள். "அம்மா, நீ கேக்குற விதத்துலயே எனக்குப் பயமாருக்கு. நீ நாளைக்கு வராத" என்றாள். அன்று தெப்பக்குளத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். குளத்தங்கரை அம்மனிடம் என்ன கேட்பதென்றுகூட ஓடவில்லை. நான் பெருக்கியது, நான் தட்டு வைத்தது, நான் கூப்பிட்ட ஆள் சுரண்டியது. எல்லாம் என் கையால் ஆனது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால் மொக்கைச்சாமி இருப்பார். தரையெல்லாம் பிளாஸ்டிக் விரித்து, விளிம்பில் டேப் ஒட்டியிருப்பார். எதையும் காய்ந்தபடி தொடமாட்டார். பாட்டிலால் தண்ணீர் அடித்து ஊறவைத்து, ஈரத்தோடு சுரண்டி, விழுந்ததை ஈரத்துணியால் ஒற்றியெடுத்துப் பையில் கட்டுவார். விளக்குமாற்றைத் தொடக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அலமாரி மேல், மின்விசிறி இறக்கை, ஊஞ்சல் சங்கிலி என்று ஒன்று விடாமல் சோப்புத் தண்ணீரில் துடைத்து, வாளித் தண்ணீரை மாற்றி மறுபடி துடைப்பார். சாயங்காலம் கொல்லைக் குழாயில் தலைக்குக் குளித்து, வேலைத் துணியைத் தனிப் பையில் முடிந்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் பஸ்ஸுக்குப் போவார். நான் கேலி செய்த அந்தத் துணிகளைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அந்த வீட்டில் எனக்கு அதைவிட ஆறுதலான இடம் இல்லை.

ஒரு நாள் கேட்டேன். "விருமாண்டி ரெண்டு நாள்தானே சுரண்டினாரு. அதுக்குள்ள அம்புட்டு என்ன ஆயிரப் போகுது?"

ஒன்றும் ஆகாது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். பிச்சை கேட்பதுபோலத்தான் கேட்டேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டே, "தெரியலயே டீச்சரம்மா. தெரியாத ஒண்ண எப்படி நல்லாருக்கும்னு சொல்றது?" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. கோபம் போனதும் அழுகை வந்தது.

மதுவந்தியின் ரத்தத்தில் ஈயம் பதினொன்று என்று வந்தது. ஐந்துக்குள் இருக்க வேண்டும், உண்மையில் இருக்கவே கூடாது என்றார் டாக்டரம்மா. "பதினொன்றில் குழந்தைக்கு எவ்வளவு போயிருக்கும்?" என்று கேட்டேன். கணக்கு டீச்சர் புத்தி. "அம்மாவுக்குப் போறது பிள்ளைக்கும் போகும்மா. இப்பவே கண்டுபிடிச்சு வெளிய கொண்டுபோனீங்களே, அது பெரிய விஷயம். அப்படியே விட்டிருந்தா ஏறிக்கிட்டே போயிருக்கும்" என்றார். மாத்திரை, பால், கீரை என்று எழுதிக் கொடுத்தார். வீட்டைக் கழுவி முடிக்கிறவரை திரும்பிக் கூட்டிப்போகக் கூடாது என்றார். ஆறு வாரம் கழித்து எடுத்ததில் எட்டு.

ஆனியில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டேமுக்கால் கிலோ. ஆஸ்பத்திரியே கேட்கும்படி அழுதது. எல்லாரும் மிட்டாய் தின்றார்கள். நான் என் மிட்டாயைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். அன்னக்கொடியும் பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தாள். ஒரு வயதில் இவளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அவள் என் விரலை எவ்வளவு நேரம் பிடிக்கிறாள், சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பள்ளிக்கூடம் போய் இருபதைத் தாண்டி எண்ணுகிற வரைக்கும் எனக்கு இந்தப் பயம் விடாது.

கழுவி முடித்த எங்கள் வீட்டிலேயே முப்பதாம் நாள் தொட்டில் போட்ட பிறகு, ஒரு மத்தியானம் மொக்கைச்சாமி வந்தார். பக்கத்துத் தெருவில் வேலையாம். பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றார். நான் பேத்தியைத் துணியோடு எடுத்து அவர் கையில் கொடுக்க நீட்டினேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நின்றுவிட்டார்.

"வேலைலருந்து வாரேன் டீச்சரம்மா. குளிக்கல. தள்ளி நின்னே பாத்துக்கிறேன்."

"சரி, சாயங்காலம் குளிச்சிட்டுப் போய் உங்க மகளயாவது மடியில வச்சுக்கங்க" என்றேன். அவர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளிச்சிட்டுத்தேன் போறேன். வீட்டுல போயும் ஒரு தடவ குளிக்கிறேன். கூப்புடுறேன், வர மாட்டேங்குது. அஞ்சு வயசுல நாந்தேன் கிட்ட வராதன்னு சொன்னேன். கேக்காம ஓடியாந்துச்சுன்னு ரெண்டு அடிகூட வச்சேன். சொல்றதெல்லாம் மறந்துருது டீச்சரம்மா. அது ஒண்ணு மட்டும் அதுக்கு மறக்க மாட்டேங்குது."