கேட்காமலே எழுதிய ரிப்போர்ட்

ரகசியப் போலீஸ் என்றால் யாருக்கும் தெரியக்கூடாது. நம்மவர் விஷயத்தில், தன்னை யாருக்கும் தெரியாது என்று நம்பியவர் அவர் ஒருவர்தான். அரசியல் கூட்டம் எங்கே நடந்தாலும் கடைசி வரிசையில் குட்டி நோட்டோடு உட்கார்ந்திருப்பார். மேடையில் மைக்கைப் பிடித்தவர்களே, "கொஞ்சம் மெதுவாப் பேசறேன், பின்னால ஒருத்தர் எழுதிக்கணும்ல" என்று கேலி செய்வார்கள். அவர் தலையைக் குனிந்து அதையும் எழுதிக்கொள்வார். அப்படித்தான் 'ரிப்போர்ட்டு ஐயா' என்று பெயர் வந்தது. உளவுப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம். எத்தனை நாற்காலி, அதில் எத்தனை காலி, யார் யாரைத் திட்டினார்கள் எல்லாம் மறுநாள் காலை பத்து மணிக்குள் இன்ஸ்பெக்டர் மேசையில் இருக்கும்.

அவருடைய அரசியலில் குழப்பமே கிடையாது. நாடு ஒரு பெரிய குடும்பம். குடும்பத்துக்கு ஒரு பெரியவர் வேண்டும். பெரியவரை எதிர்த்துப் பேசுகிற பிள்ளை உருப்படாது. ஓட்டு, வயது வந்த நாள் முதல் ஒரே கட்சிக்கு. கஷ்டம் என்று வந்தால் முதலில் உறவு ஓடி வர வேண்டும், அடுத்தது அரசாங்கம். நடுவில் வரிந்து கட்டிக்கொண்டு சேவை செய்ய வருகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "ஆதாயம் இல்லாம எவனாவது ஆத்துல இறங்குவானா?" என்பார்.

வாயால் மட்டும் சொன்னவரில்லை. கால்வாய்ச் சந்தின் கடைசி வீட்டில், கீழ்த்தளத்தில், அவருடைய அக்கா இருந்தார். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் போய், குரலும் நூலாக இளைத்துவிட்டது. காலையும் மாலையும் போய் அக்காவைத் தூக்கி உட்கார வைத்து, சாப்பாடு கொடுத்து, தலை சீவிவிட்டு வருவார். வேறு தெருவில், மாடியில் இருக்கும் தன் வீட்டுக்கு எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தார்.

"உங்க வீட்டு டிவியில எந்நேரமும் சண்டை. நான் இங்கயே நிம்மதியாக் கிடக்கறேன் போடா, சர்க்காரு" என்பார் அக்கா. தம்பிக்கு அவர் வைத்த பெயர் அது.

"தெரியாதவங்க யார் வந்தாலும் கதவைத் திறக்கச் சொல்லாதீங்க" என்று வேலைக்காரம்மா காதில் விழும்படி தினமும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்.

மழைக்காலத்துக்கு முந்தின மாதம் மருந்துக்கடைப் பெண் அவர் கண்ணில் பட்டாள். அரசாங்கத்தை எதிர்த்து இரண்டு கூட்டங்களில் பேசியவள். இப்போது நாலைந்து பேரோடு வீடு வீடாகப் போய் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். கடைச் சுவரில் ஊர் மேப் ஒன்று. அதில் பாலம், கால்வாய், சில வீடுகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அவர் மூன்று நாள் எதிர்ச்சாரியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு நின்றார். அவருடைய தொழிலில் முதல் பாடம், கேட்காதே, கவனி. கேட்டால் ஆள் உஷாராகிவிடுவான். அதனால் கேட்கவில்லை. 'வீடுகளைக் குறித்து வருகிறார்கள். நோக்கம் தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். மேப்பும் நோட்டும் பறிமுதலாகி அலுவலக பீரோவுக்குள் போயின. இன்ஸ்பெக்டர் முதுகில் தட்டிப் பாராட்டினார்.

அணையைத் திறந்த அன்று அவருக்கு நிவாரண முகாமில் டூட்டி. எந்தக் கட்சிக்காரன் என்ன கொடுக்கிறான், யார் படத்தை ஒட்டிக் கொடுக்கிறான் என்று எழுத வேண்டும். ஊர் முழுகும்போது இதுவும் ஒரு வேலை! காலை எட்டு மணிக்கு அக்காவுக்கு போன் செய்தார்.

"வாசப்படி வரைக்கும் வந்திருக்கு. வேலைக்காரம்மா இன்னும் வரல. நீ வேலையை முடிச்சிட்டே வா. நான் எங்க ஓடப் போறேன்?" என்று அக்கா சிரித்தார்.

இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றார். "படகு அந்தப் பக்கம்தான்யா போகுது. நம்ம ஆளுங்க பாத்துப்பாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். அரசாங்கம் சொன்னால் அவருக்கு மறுபேச்சு ஏது? நம்பினார்.

படகு போகத்தான் செய்தது. சந்து சந்தாகக் குரல் கொடுத்து, பதில் வந்த வீட்டில் ஆளை ஏற்றிக்கொண்டார்கள். வேலைக்காரம்மா முந்தின இரவு வெளியே பூட்டிப் போன கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் நூல் குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை. ஆள் இல்லாத வீடு என்று நினைத்து, வாசல் வரை வந்த படகு இரண்டு தடவை திரும்பியது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். சொன்னவன் வெள்ளத்தைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. கட்டிலுக்கு மேல் தண்ணீர் ஒரு சாண் குறைந்திருந்தால் அக்கா பிழைத்திருப்பார். மாலையில் இடுப்பளவு தண்ணீரில் போய் அக்காவின் உடலைத் தம்பியே தூக்கிக்கொண்டு வந்தார்.

பதினோராம் நாள் வேலைக்குத் திரும்பினார். சாவுகளைக் காட்டி ஜனங்களைத் தூண்டிவிடுவது யார் என்று ரிப்போர்ட் கேட்டிருந்தார்கள். பழைய விவரம் பார்க்கலாம் என்று பீரோவைத் திறந்து அந்த நோட்டை எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம், நடக்க முடியாதவர்களின் பட்டியல். கால்வாய்ச் சந்தும் இருந்தது.

'கடைசி வீடு, கீழ்த்தளம். ஒரு அம்மா, வயது 68. தூக்க இரண்டு பேர் வேண்டும். குரல் கேட்காது. பதில் இல்லை என்று திரும்பக் கூடாது, கதவை உடைக்கவும். தம்பி இருக்கிறார். நாங்கள் வந்ததை அவரிடம் சொல்ல வேண்டாமாம், திட்டுவாராம்.'

அந்த மனுஷன் நோட்டின் மேல் தலையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அப்போதும் அவருக்கு அரசாங்கத்தின் மேல் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் தன் மேல்தான். அலுவலகத்திலிருந்து ஒரு பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவர், அன்று அந்த நோட்டைச் சட்டைக்குள் வைத்து மருந்துக்கடைக்கு எடுத்துப் போனார்.

"நான்தாம்மா எழுதிக் கொடுத்தேன்" என்றார்.

"தெரியும் ஐயா. மூணு நாள் எதிர்ல நின்னீங்க. வந்து கேப்பீங்கன்னு ஸ்டூல்கூட எடுத்துப் போட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "பாதிப் பேர் இப்ப வீடு மாறிட்டாங்க. மறுபடி மழை வருதுங்கறாங்க. முதல்ல இருந்து எழுதணும்."

"ஒரு தெரு எனக்குக் கொடும்மா."

அவள் ஒரு தெருவின் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையிலேயே போனார். முதல் வீட்டு அம்மா ஆளைப் பார்த்ததும் "யாரும் இல்லைங்க" என்று கதவைச் சாத்தினாள். இரண்டாவது வீட்டிலும் அதேதான். மூன்றாவது வீட்டில், பனியனோடு வந்தவன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"வீட்டுல நடக்க முடியாதவங்க யாராவது இருக்காங்களாப்பா?"

"இல்லைங்க ஐயா. நாங்க எந்தக் கட்சிக்கும் போறதில்லைங்க."

"கட்சிக்கு இல்லைப்பா. தண்ணி வந்தா தூக்கறதுக்கு. ஆபீஸ் வேலையா வரலப்பா, என்னை நம்பு."

உள்ளே கட்டில் முனகியது. "யாருடா அது?" என்று ஒரு கிழவியின் மெலிந்த குரல் கேட்டது.

"யாரும் இல்லம்மா, நீ பேசாம படு" என்று உள்ளே பார்த்துச் சொன்னவன், இவர் பக்கம் திரும்பிக் கும்பிட்டான். "எங்களை விட்டுருங்க ஐயா" என்று சொல்லிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.