கேரளாவுக்குப் போகச் சொன்ன மனு

போடியில் ஒரு ஹோட்டல் மாடியில் அந்தக் கூட்டம் நடந்தது. தொழிலாளர் சட்டங்களை எப்படித் திருத்தலாம் என்று அரசாங்கங்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு நிறுவனத்திலிருந்து வெளிநாட்டு நிபுணர் ஒருவரும் டெல்லி வக்கீல் ஒருவரும் வந்திருந்தார்கள். உள்ளூர் வக்கீலான என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். எதிரே, தினமும் ஜீப்பில் மலையேறி கேரளாவின் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

ராசிங்காபுரத்து அக்கா ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டு எழுந்தார்.

“மழையில சரிவுல கால் வழுக்கிருச்சும்மா. தலையில காய் மூடை. இடுப்பெலும்பு போச்சு. எஸ்டேட்டு ஜீப்புல கொண்டாந்து ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கிவிட்டவுக, அப்புறம் எட்டிக்கூடப் பாக்கல. இங்க லேபர் ஆபீசுல கேட்டா, தோட்டம் கேரளாவுல இருக்கு, அங்க போய் மனுக் குடுங்கறாக. நடக்கவே முடியாதவ மலையேறி எங்கிட்டுப் போவேன்?”

நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் நிபுணர் மிகுந்த அக்கறையோடு தலையாட்டினார். இரு மாநிலங்களுக்கு நடுவே சட்டத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது, எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்குப் புதுச் சட்டமும் தனி ஆணையமும் வேண்டும் என்றார்.

நான் குறுக்கிட்டேன். “ஓட்டை எதுவும் இல்லை. வேலையில் அடிபட்டவர் தான் குடியிருக்கும் இடத்திலேயே இழப்பீடு கேட்கலாம் என்று சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மனுவை வாங்க மாட்டேன் என்கிறார்கள். அதுதான் பிரச்சினை” என்றேன்.

டெல்லி வக்கீல் சிரித்தார். “அது அமலாக்கம், மேடம். எங்கள் வேலை சட்டத்தோடு முடிந்துவிடுகிறது.”

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னம்மா சொல்றாக?”

“புதுசா சட்டம் கொண்டுவரச் சொல்லப் போறாங்களாம்க்கா.”

“அது வர்ற வரைக்கும் நான் என்ன செய்ய?”

அதையும் மொழிபெயர்த்தேன். அருமையான கேள்வி என்றார் நிபுணர். பிறகு எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா மனுவைத் தொடக்கூட இல்லை.

“இது கேரளா கேசு மேடம். அங்க போகச் சொல்லுங்க.”

“வாங்க முடியாதுன்னு எழுதிக் குடுங்க, போறோம்.”

“அதெல்லாம் எழுதித் தர முடியாது.”

சட்டப் புத்தகத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் உள்ளே இருந்த அதிகாரி எழுந்து வந்துவிட்டார். அந்தப் பிரிவை நின்றபடியே படித்தார். “வாங்கிக்கங்க” என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். குமாஸ்தா முத்திரை குத்தினார்.

“இம்புட்டுத்தானா?” என்றார் அக்கா. “இதுக்கா என்னைய இத்தன நாளா அலையவிட்டாக?”

குமாஸ்தா அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார். முத்திரை விழுந்த நகலை நான் வாங்கிக்கொண்டேன்.

விசாரணையில், இந்தப் பெண் எங்கள் தோட்டத்தில் வேலையே செய்யவில்லை என்று எஸ்டேட் தரப்பு சாதித்தது. கூட வேலை பார்த்தவர்கள், மறுநாள் தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் இடம் கிடைக்காதே என்று பயந்து ஒதுங்கினார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் வந்து, அக்கா விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றார். அவருக்கு அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் வேலை இல்லை. அந்தச் சாட்சியால்தான் அக்காவுக்கு இழப்பீடு கிடைத்தது. மலையேற இனி முடியாது. போடியில் ஒரு கடையில் உட்கார்ந்தபடி ஏலக்காய் தரம் பிரிக்கிறார்.

நிபுணர்களின் அறிக்கை வழவழப்பான தாளில் அச்சாகி வந்தது. புதுச் சட்டம், தனி ஆணையம், அதற்கொரு இணையதளம் எல்லாம் அதில் இருந்தன. வருகிற மனுவை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

போன மாதம் பக்கத்தில் தேவாரம் என்ற ஊரிலிருந்து ஒருவர் வந்தார். ஏலக்காய் உலர்த்தும் அடுப்பில் கை வெந்துபோனவர். அதே அலுவலகத்தில் அவரையும் கேரளாவுக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போய், திரும்பவும் சத்தம் போட்டுத்தான் மனுவை வாங்க வைத்தேன்.