அக்கா கட்டிய கயிறு

எண்பதுகளில் கட்டுவிரியன் கடித்து, பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்துவிட்டு அதியமான்கோட்டைக்குத் திரும்பினேன். பிழைத்துவிட்டேன் என்று ஊரே சொன்னது. எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. கதவைச் சாத்தினால் மூச்சு முட்டியது. போர்வை காலில் சுற்றினால் அலறினேன். ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாயோடு கிடந்தபோது யாரோ ஒரு பெண் என் கைகளைக் கட்டிலோடு கட்டினாள். முகம் சரியாகத் தெரியவில்லை. கொல்லத்தான் கட்டுகிறாள் என்று நினைத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. பயந்துபோனேன் என்று ஓர் ஆம்பளை எப்படிச் சொல்வது?

ஒரு நாள் அக்கா தீர்த்தமலைக் கோயிலில் பூஜையில் வைத்த கயிற்றை என் மணிக்கட்டில் கட்டினாள். முடிச்சு இறுகியதும் அவளை அறைந்துவிட்டேன்.

அக்கா அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரி நெனப்பா?" என்று கேட்டாள்.

முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன்.

"கட்டுனது நான்தான்டா," என்றாள். "நீ கொழாயப் புடுங்கிட்டே இருந்த. புடுங்குனா மூச்சு நின்னுடும்னாங்க. ஆஸ்பத்திரித் துணி உறுத்தும்னு என் பழைய சேலையக் கிழிச்சுக் கட்டுனேன்."

பிறகு கயிற்றை மெல்ல அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தாள். "எப்பத் தோணுதோ அப்பக் கட்டிக்க. இல்லாட்டி வேணாம்."

இன்றும் என்னால் கைக்கடிகாரம் கட்ட முடியாது. மூச்சு முட்டும்போது சட்டைப்பையில் இருக்கும் அந்தக் கயிற்றைத் தொட்டுக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அறைந்ததற்கு அக்காவிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் இன்னும் எனக்கு வாய் வரவில்லை.